கோல் நின்ற பிறகு

ஃப்ளை மீன்பிடிப்பைப் பற்றிப் புதிதாக யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இதில் முள்ளை யாரும் வீசுவதில்லை, லைனைத்தான் வீசுகிறோம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ கனமான இரையோ முன்னால் பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளை என்பது முள்ளைச் சுற்றி இறகும் நூலும் கட்டிய ஒரு போலிப் பூச்சி. அதற்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துவிடும். அதனால் எடையை லைனுக்குள் வைத்துவிட்டார்கள். 5-ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். 8-ஆம் எண்ணுக்கு 210 கிரெயின், கிட்டத்தட்ட 13.6 கிராம். கோலை வளைப்பதும் ஃப்ளையைச் சுமந்துகொண்டு போவதும் இந்த எடைதான். நீங்கள் கையில் பிடித்திருப்பது நீளமான, வளையக்கூடிய ஓர் எடையை. அதை எந்த வடிவத்தில் தண்ணீரில் போடலாம் என்பது உங்கள் விருப்பம்.

வீச்சில் இரண்டு பாதி உண்டு: பின்வீச்சு, முன்வீச்சு. இரண்டிலும் வேலை ஒன்றுதான். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்த வேண்டும். நிறுத்தும் அந்தக் கணத்தில் வளைந்திருந்த கோல் நிமிரும், லைன் நுனியை முந்திக்கொண்டு ஓடும். மேல்பகுதி முன்னே போக, கீழ்ப்பகுதி கோலோடு நின்றுவிட, இரண்டுக்கும் நடுவே கொண்டை ஊசி வடிவத்தில் ஒரு லூப் உருவாகும். கோலின் நுனி நேர்கோட்டில் போயிருந்தால் லூப் ஒடுக்கமாக இருக்கும். மேலே எழும்பி வளைந்து போயிருந்தால் அகலமாக இருக்கும். நடுவழியில் தாழ்ந்து மறுபடி ஏறினால் லூப்பின் மேல்பகுதி கீழ்ப்பகுதியோடு மோதிச் சிக்கிக்கொள்ளும். அதற்கு டெய்லிங் லூப் என்று பெயர். லீடரில், அதாவது லைன் முனைக்கும் ஃப்ளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்பில், எங்கிருந்தோ முளைக்கிற குட்டி முடிச்சுகளுக்குக் காற்றின் மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் காரணம் இந்த லூப்தான், அதாவது தொடக்கத்திலேயே வெடுக்கென்று இழுத்த கை. முடிச்சைப் பார்த்தால் அப்போதே அவிழ்த்துவிடுங்கள், இறுகியிருந்தால் வெட்டிவிட்டுப் புது நரம்பு கட்டுங்கள். அந்த ஒற்றை முடிச்சு நரம்பின் பலத்தைப் பாதி வரைகூடக் குறைத்துவிடும்.

பழைய பாடத்தில் ஒரு கடிகாரம் வரும். தலைக்கு நேர்மேலே 12 மணி என்று வைத்துக்கொண்டு, முன்னால் 10-க்கும் பின்னால் 2-க்கும் நடுவே கோலை ஆட்டு என்பார்கள். முதல் நாளுக்கு இது பரவாயில்லை. அதையே விதியாகப் பிடித்துக்கொண்டால் வம்பு. அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த வீச்சு ஆசிரியர் லெஃப்டி க்ரே, 2018-இல் மறைந்தவர், வாழ்நாளெல்லாம் இந்தக் கடிகாரத்தோடு சண்டை போட்டார். கோல் எவ்வளவு தூரம் பயணிக்கிறதோ அவ்வளவுக்கு அது உனக்கு உதவும், கையைப் பின்னால் நன்றாகக் கொண்டுபோ என்பது அவர் கட்சி. வீச்சு ஆசிரியர்களான ஜே கேமல், பில் கேமல் இருவரும் வகுத்த ஐந்து அடிப்படைகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன: லைனில் தொய்வு இருக்கக்கூடாது, நுனி நேராகப் போக வேண்டும், லைன் நீள நீள வீச்சும் நீள வேண்டும், நிறுத்தி வைக்கும் நேரமும் நீள வேண்டும், விசையைச் சரியான இடத்தில் சரியான அளவில் சேர்க்க வேண்டும். 15 அடி லைனை வெளியே விட்டுக்கொண்டு கையை ஒரு முழம் பின்னால் கொண்டுபோனால் லூப் கலைந்துவிடும். 60 அடியை வைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் டெய்லிங் லூப் நிச்சயம். கடிகாரம் இதைச் சொல்லித்தராது.

சரி, இதெல்லாம் எந்தப் பயிற்சியாளரும் சொல்வதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த ஒரு நொடி. கோலை நிறுத்தியதும் ஃப்ளை போகும் திசை முடிவாகிவிட்டது. அதன் பிறகு நீங்கள் என்ன செய்தாலும் லூப்பின் மேல்பகுதி தான் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் கோலிலிருந்து லூப் வரைக்குமான லைன் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை இடப்பக்கம் சாய்க்கலாம், வலப்பக்கம் சாய்க்கலாம், நெளியவிடலாம், தொய்யவிடலாம், மேலே தூக்கிப் பிடிக்கலாம். நிறுத்துவதற்கு முன் செய்வது ஃப்ளைக்கு, நிறுத்தியபின் செய்வது லைனுக்கு. வெவ்வேறு பெயர்களில் சொல்லித்தருகிற பலவகை வீச்சுகளை இந்த ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கமும் பிரித்து வைத்துவிடலாம். எனக்கு அப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பெயர்களின் மிரட்டல் போனது.

ஆற்றில் இது ஏன் உயிர்நாடி என்று பார்ப்போம். ஓடும் தண்ணீர் எங்கும் ஒரே வேகத்தில் ஓடாது. நீங்கள் கரையில் நிற்கிறீர்கள். எதிரே ஒரு பாறை, அதன் பின்னால் நிழலான தேக்கம். அங்கே ட்ரௌட் மீன் ஒன்று மூக்கை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு மிதந்து வருகிற பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் அதற்கும் நடுவே வேகமான ஓட்டம். நீங்கள் அழகான ஒடுக்கமான லூப்பில், பிசிறில்லாத நேர்கோட்டில் லைனைப் போடுகிறீர்கள். ஃப்ளை பாறைக்குப் பின்னால் சரியாக உட்காருகிறது. எண்ணி இரண்டு நொடி. நடு ஓட்டம் லைனின் வயிற்றைப் பிடித்துக் கீழே இழுக்கிறது, லைன் வில்லாக வளைகிறது, தேக்கத்தில் சும்மா இருந்த ஃப்ளை திடீரென்று பின்னால் ஒரு கோடு கிழித்துக்கொண்டு ஓடுகிறது. எந்தப் பூச்சியும் அப்படி ஓடாது. மீன் தலையைத் திருப்பிக்கொள்ளும், சில சமயம் இடத்தையே காலி பண்ணிவிடும். வீச்சில் ஒரு குறையும் இல்லை. கோடு நேராக இருந்ததுதான் குறை.

இதற்கு நான் முதலில் கைவைப்பது ரீச் காஸ்ட். வழக்கம்போல் குறிபார்த்து வீசி, கோலை நிறுத்துங்கள். லூப் விரிந்துகொண்டிருக்கும்போதே கோலை ஓட்டம் வருகிற பக்கம், அதாவது மேலாற்றுப் பக்கம், கை நீட்டிச் சாய்த்துத் தண்ணீர்மட்டம் வரை கொண்டுபோங்கள். ஃப்ளை குறியில் விழும், லைன் மட்டும் மேலாற்றிலிருந்து சாய்வாகக் கிடக்கும். ஓட்டம் அந்தச் சாய்வை நேராக்கி, அப்புறம் வளைத்து இழுப்பதற்குள் ஃப்ளைக்குச் சில நல்ல நொடிகள் கிடைத்துவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கோலைச் சாய்க்கும்போது இடது கைவிரல்களைத் தளர்த்தி லைனைக் கொஞ்சம் நழுவவிட வேண்டும். இறுகப் பிடித்திருந்தால் கோல் சாய்ந்த அளவுக்கு ஃப்ளை பின்னால் இழுபட்டு, குறிக்கு மூன்றடி முன்னாலேயே விழும். ரீச் காஸ்ட் எனக்கு வராது என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்த விரலைத்தான் விடுவதில்லை.

நடுவில் ஒரே ஓட்டமாக இல்லாமல் நாலைந்து வேகங்கள் பின்னிக்கிடந்தால் ரீச் மட்டும் போதாது. அப்போது கோலை நிறுத்தியபின் நுனியை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டினால் லைன் பாம்பு நெளிவாக விழும். ஒவ்வோர் ஓட்டமும் ஒரு நெளிவைத் தின்று தீர்க்கும் வரை ஃப்ளை சும்மா மிதக்கும். கீழாற்றுப் பக்கம் இருக்கிற மீனுக்கு வீசும்போது முன்வீச்சைக் கொஞ்சம் உயரமாகக் குறிவைத்து, நிறுத்தியபின் நுனியைத் தண்ணீருக்குக் கொண்டுவந்துவிடுவேன். லீடர் குவியலாக ஃப்ளையின் பக்கத்தில் விழும், குவியல் பிரியப் பிரிய ஃப்ளை மீனை நோக்கி இறங்கும். நரம்புக்கு முன்னால் ஃப்ளைதான் மீன் கண்ணில் படும் என்பது இதில் கிடைக்கிற இன்னொரு லாபம். லைன் தண்ணீரில் விழுந்தபின் தூக்கி மேலாற்றுப் பக்கம் புரட்டிப் போடுவதை மெண்ட் என்பார்கள். அதுவும் தேவைதான். ஆனால் மெண்ட் செய்யும்போது ஃப்ளை துள்ளாமல் இருப்பது அபூர்வம். காற்றில் இருக்கும்போதே செய்துவிட்டால் அந்தத் துள்ளல் இல்லை.

மேலாற்றை நோக்கி நேராக வீசுவது இதற்கெல்லாம் எளிய விடை என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு உண்மை. மீனின் பின்னால் நிற்கிறீர்கள், லைனும் ஃப்ளையும் ஒரே ஓட்டத்தில் உங்களை நோக்கி வரும். ஆனால் லைன் மீனின் தலைக்கு மேலே விழும் ஆபத்து உண்டு. அதனால் நேர் பின்னால் நிற்காமல் சற்றே பக்கவாட்டில் நிற்பதே நல்லது.

மீன் உங்களை எப்படிப் பார்க்கிறது என்பதும் வீச்சைத் தீர்மானிக்கும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். ஒளிவிலகல் காரணமாக அந்தப் பார்வைக் கூம்பின் கோணம் ஏறக்குறைய 97 டிகிரி. 1 மீட்டர் ஆழத்தில் இருக்கிற மீனுக்கு வட்டத்தின் விட்டம் சுமார் 2.25 மீட்டர். மேலே வந்து மேய்கிற மீனுக்கு வட்டம் சிறியது, ஆழத்தில் கிடப்பதற்குப் பெரியது. தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தாழ்வாக இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப்போய், இருக்கிறதா இல்லையா என்ற அளவில்தான் தெரியும். தெளிந்த தண்ணீரில் குனிந்தோ மண்டியிட்டோ போகச் சொல்வது இதனால்தான். கோலையும் நெட்டுக்குத்தாக ஆட்டாமல் பக்கவாட்டில் தாழ்த்தி வீச வேண்டும். அதோடு, மீனுக்கு நேர்மேலே ஃபால்ஸ் காஸ்ட் (லைனைத் தண்ணீரில் போடாமல் காற்றிலேயே முன்னும் பின்னும் வீசுவது) செய்துகொண்டே இருக்கக்கூடாது. நீளத்தைக் கணக்குப் பார்க்க வேண்டுமானால் வேறு திசையில் வீசிப் பார்த்துவிட்டு, கடைசி வீச்சை மட்டும் மீன் பக்கம் திருப்புங்கள்.

மரம் செடி அடர்ந்த சின்ன ஓடைகளில் இந்தப் பக்கவாட்டு வீச்சுக்கு இரட்டைப் பயன். லூப் செங்குத்தாக இல்லாமல் படுத்த நிலையில் போவதால், தண்ணீருக்கு ஒன்றரையடி மேலே தொங்கும் கிளைக்கு அடியில்கூட ஃப்ளையைச் செருகலாம். கொஞ்சம் கூடுதலாக விசை கொடுத்துச் சட்டென நிறுத்தினால், வலக்கைக்காரருக்கு லீடர் முனையில் இடப்பக்கம் கொக்கியாக வளைந்து விழும். பாறைக்கு அந்தப் புறத்தில் இருக்கிற மீனுக்கு அந்த வளைவு உதவும். இது நிறுத்துவதற்கு முன்பக்கத்துச் சமாசாரம். விசையின் அளவில் முடிவாவது, பிறகு திருத்த முடியாது. பத்து முறை வீசினால் நாலு முறை நினைத்தபடி வளைந்தால் எனக்குத் திருப்தி.

பின்னால் இடமே இல்லையென்றால் ரோல் காஸ்ட். லைனைத் தண்ணீர் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே கோலைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். லைன் தோளுக்குப் பின்புறம் தொப்பையாகத் தொங்க வேண்டும், முனை தண்ணீரிலேயே ஒட்டியிருக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். அந்த ஒட்டுதல்தான் கோலை வளைக்கப் பிடிமானம். பிறகு வழக்கமான முன்வீச்சு, உயரமான நிறுத்தம். பலர் நிறுத்தாமல் கோலைத் தண்ணீர் வரை அறைவார்கள், லைன் காலடியில் குவியும். வலக்கைக்காரர்கள் கிடக்கிற லைனுக்கு இடப்பக்கமாக வீச வேண்டும், அதைத் தாண்டி வலப்பக்கம் வீசினால் சிக்கிவிடும்.

ரோல் காஸ்டுக்கும் இடமில்லாத புதர்களும் உண்டு. அங்கே வில் வீச்சு. கோல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக லைனையும் லீடரையும் வெளியே விட்டு, ஃப்ளையை முள்ளின் வளைவில் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கூர் விரலுக்கு வெளியே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கோலைக் குறியை நோக்கி நீட்டிப் பின்னால் இழுத்து விடுவது. கோல் கையின் ஆள்காட்டி விரல் லைனைக் கோலின் தக்கைப் பிடியோடு சேர்த்து அழுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கும்போது ரீலிலிருந்து லைன் வந்துகொண்டே இருக்கும். பார்க்க விளையாட்டுபோல இருக்கும். நான் பிடித்த நல்ல மீன்களில் சில இப்படி, கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தவை. முதுகுக்குப் பின்னால் செங்குத்தான மேடு இருந்தால் பின்வீச்சைக் கிட்டத்தட்ட வானத்தை நோக்கி அனுப்பிவிட்டு, முன்வீச்சைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். தூரம் போகாது. மேட்டுச் செடியில் முள் மாட்டாமல் இருந்தாலே போதும்.

காற்றுதான் எல்லோரையும் மிரட்டுவது. எதிர்காற்று அடிக்கும்போது இன்னும் வலுவாக அறையத் தோன்றும். அப்படி அறைந்தால் நுனி தாழ்ந்து ஏறும், டெய்லிங் லூப் வரும், லீடர் உங்கள் பக்கமே திரும்பி வந்து குவியும். தேவைப்படுவது பலம் கிடையாது, லைனின் வேகமும் லூப்பின் ஒடுக்கமும்தான். பின்வீச்சை உயரமாக அனுப்பி, முன்வீச்சைத் தாழ்வாகக் குறிவைக்க வேண்டும். லூப் முழுதாக விரியும் கணத்தில் ஃப்ளை தண்ணீரைத் தொட்டுவிட்டால் காற்றுக்கு அதைத் தூக்கிப்போட நேரம் கிடையாது. அமைதியான நாளில் லூப்பைத் தலைக்கு மேல் விரியவிட்டுப் பூப்போல இறக்குவோமே, அதை எதிர்காற்றில் மறந்துவிட வேண்டும். லீடரையும் சுருக்கிவிடலாம். வழக்கமான 9 அடிக்குப் பதில் 7 அடி இருந்தாலே நன்றாகத் திரும்பும். தண்ணீரை ஒட்டிய அடுக்கில் காற்றின் வேகம் குறைவு என்பதால் பக்கவாட்டு வீச்சும் இங்கே கைகொடுக்கும்.

வேகத்தைக் கூட்டுவதற்கு இருக்கவே இருக்கிறது ஹால். கோல் கை வேகம் கூட்டுகிற அதே நேரத்தில் லைன் கை லைனைக் கீழ்நோக்கி இழுப்பது. முன்னும் பின்னும் இரண்டிலும் செய்தால் இரட்டை ஹால். 1930-களில் அமெரிக்காவின் வீச்சுப் போட்டிகளில் மார்வின் ஹெட்ஜ் இதைச் செய்து காட்டி எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தார். இழுத்த கையை அப்படியே இடுப்பருகே விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். இழுத்ததும், பின்னால் விரிகிற லைன் கேட்கிற அளவுக்குக் கையை மேலே ரீல் பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த இழுப்புக்கு இடம் இருக்கும், நடுவில் தொய்வும் வராது. கீழே இழுப்பதைப் பழகுவதைவிட மேலே விட்டுக்கொடுப்பதைப் பழகுவதுதான் கஷ்டம். பேசுகிற அளவுக்கு இதில் மர்மம் ஒன்றும் கிடையாது.

பின்னாலிருந்து அடிக்கும் காற்று நண்பன் என்று நினைப்போம். முன்வீச்சுக்கு நண்பன்தான். பின்வீச்சு விரியாமல் தோளில் வந்து விழும். அதனால் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும்: பின்வீச்சைத் தாழ்வாக, பக்கவாட்டில், வேகமாக, முன்வீச்சை உயரமாக, அகலமான லூப்பில். காற்றே கொண்டுபோய்விடும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது கோல் பிடித்த தோளின் பக்கமிருந்து அடிக்கும் காற்றுக்கு. முள் நேராக உங்கள் காது, கழுத்து, கண் இருக்கிற பக்கம் வரும். கோலைத் தலைக்கு மேல் எதிர்ப்பக்கம் சாய்த்து, லைன் மறுதோளுக்கு வெளியே போகும்படி வீசுவது ஒரு வழி. இதைவிட எனக்குப் பிடித்தது, குறிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, முன்வீச்சைக் கரைப்பக்கம் வீசி, பின்வீச்சையே மீனுக்கு விடுவது. இதற்குப் பின்வீச்சு ஒழுங்காக இருக்க வேண்டும். அதைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். தலையைத் திருப்பிப் பின்வீச்சைப் பார்ப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். கண்ணாடியும் தொப்பியும் எந்தக் காற்றிலும் கட்டாயம். முள்ளின் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, தப்பித் தோலில் ஏறினால் உங்களுக்கும் நல்லது.

கனமான ஃப்ளைகளுக்கு வந்தால் ஒடுக்கமான லூப்பின் பெருமை எல்லாம் செல்லாது. தங்கூசி நரம்பில் இரண்டு கன நிம்ஃபும் (தண்ணீருக்குள் மூழ்கிப் போகும் ஃப்ளை) மேலே ஒரு மிதவையும் கட்டியிருந்தால், ஒடுக்கமான லூப்பில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். லூப்பை வேண்டுமென்றே அகலமாக்க வேண்டும். பின்வீச்சைப் பக்கவாட்டில் கொண்டுபோய், நிற்காமல் சுற்றிவந்து, தலைக்கு மேலாக முன்வீச்சு. முட்டை வடிவத்தில் ஒரே இழுவிசையில் சுழல்வதால் கன ஃப்ளை எங்கும் தொய்ந்து விழாது. ஆற்றில் இன்னும் சோம்பேறித்தனமான வழி இருக்கிறது, நான் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன். லைனைக் கீழாற்றில் நேராக இழுபட விடுங்கள். ஓட்டத்தின் இழுப்பே கோலை வளைக்கும். அங்கிருந்து ஒரே வீச்சில் மேலாற்றுக்கு. ஃபால்ஸ் காஸ்டே வேண்டாம். நிம்ஃப் சீக்கிரம் ஆழத்துக்குப் போக வேண்டுமானால் முன்வீச்சை உயரத்தில், தேவைக்கு மேல் விசையோடு சட்டென நிறுத்துங்கள். ஃப்ளை உதைத்துக்கொண்டு லைனுக்கு அடியில் மடங்கி முதலில் தண்ணீருக்குள் நுழையும்.

கடலோரத்து ஆழமில்லாத மணல் திட்டுகளில், போன்ஃபிஷ் போன்ற மீன்களுக்கு, பிரச்சினையே வேறு. அங்கே ஓட்டத்தைவிட நேரம்தான் எதிரி. மீன் நிற்காது, வந்துகொண்டே இருக்கும் அல்லது போய்க்கொண்டே இருக்கும். படகின் பின்னால் கழி ஊன்றி நிற்கிறவர் சொல்வார்: 11 மணி, 50 அடி. இந்தக் கடிகாரம் எனக்குப் பிடித்த கடிகாரம். படகின் மூக்கு எப்போதும் 12. நீங்கள் கோலை அந்தத் திசையில் நீட்ட வேண்டும், இன்னும் வலப்பக்கம் என்பார், சரி செய்வீர்கள், அப்போதுதான் இரண்டு பேரும் ஒரே மீனைப் பார்க்கிறீர்கள் என்பது உறுதியாகும். அதன்பின் இரண்டு ஃபால்ஸ் காஸ்டுக்குள் ஃப்ளை போய்ச் சேர வேண்டும். நாலாவது ஃபால்ஸ் காஸ்டில் மீன் வேறு மணியில் இருக்கும்.

அதனால் வீச்சின் பாதி வேலை மீன் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். லைனை ரீலிலிருந்து உருவித் தளத்தில் போடும்போது, கடைசியாக உருவிய பகுதி குவியலின் மேலே கிடக்கும். வீசும்போது முதலில் ஓடவேண்டிய பகுதியோ அடியில் மாட்டியிருக்கும். அது மேலே உள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டு கோலின் வளையத்தில் வந்து அடைத்துக்கொள்ளும். எனவே தேவையான நீளத்தை உருவி, ஒருமுறை முழுதாக வீசி, மறுபடி இழுத்துக்கொள்ள வேண்டும். இப்போது குவியல் சரியான வரிசையில் இருக்கும். ஃப்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கோல் நுனிக்கு வெளியே பத்துப் பதினைந்து அடி லைனைத் தொங்கவிட்டுத் தயாராக நிற்க வேண்டும். காலடியில் லைன் மிதிபடுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மீன் வரும்போதுதான் அது எப்படியோ செருப்புக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். மீன் போகிற பாதையில் முன்னால் தள்ளிப் போட வேண்டும், தலைமேல் போட்டால் கதை முடிந்தது. ஆழம் கூடினால், மீன் வேகமாக வந்தால், இன்னும் முன்னால். வாலை வெளியே நீட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிற மீனுக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் போடலாம், அதன் கவனம் கீழே இருக்கும். கடித்ததும் ட்ரௌட்டுக்குச் செய்வதுபோல் கோலைத் தூக்கக்கூடாது, லைனைக் கையால் இழுத்து முள்ளை ஏற்ற வேண்டும். தூக்கினால், கடி தவறியபோது ஃப்ளை மீனின் பார்வையிலிருந்தே போய்விடும். இழுத்தால் அது மீனுக்கு எதிரிலேயே இருக்கும், திரும்பக் கடிக்க வாய்ப்புண்டு.

இரண்டு கையால் பிடிக்கும் நீண்ட கோல்களின் ஸ்பே வீச்சு தனி உலகம். ஸ்காட்லாந்தின் ஸ்பே நதியிலிருந்து பெயர் வந்தது, பின்வீச்சுக்கு இடமில்லாத அகலமான ஆற்றுக்கானது. அதில் எனக்கு அனுபவம் குறைவு, ஒரே ஒரு விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: லைன் தொங்கும் தொப்பை எப்போதும் காற்று போகிற பக்கம் இருக்க வேண்டும். காற்று மேலாற்றை நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே, கீழாற்றை நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே. மாற்றிச் செய்தால் முள் முகத்துக்கு வரும்.

தூரத்தைப் பற்றி என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. பின்னாளில் ஜோன் வுல்ஃப் என்று உலகம் அறிந்த பெண்மணி 1960-இல் ஒரு போட்டியில் 161 அடி வீசினார். அது ஒரு கலை, தலைவணங்குகிறேன். ஆனால் ஆற்றில் 35 அடிக்குள் குறிதவறாமல், மூன்று விதமான வடிவங்களில் லைனைப் போடத் தெரிந்தவர் 80 அடி நேராக மட்டும் வீசுகிறவரைவிட அதிக மீன் பிடிப்பார். தூரம் போகப் போக நடுவில் வருகிற ஓட்டங்கள் கூடும், முள்ளை ஏற்றும் தாமதம் கூடும், கடியைப் பார்ப்பதே சிரமமாகும். இரண்டு எட்டு முன்னால் நடந்துபோய் வீச முடியுமானால் நடந்துவிடுங்கள். கடலோரம் மட்டும் விதிவிலக்கு, அங்கே 60 அடியைக் காற்றில் வீசத் தெரியாமல் போவது வீண் செலவு.

கடைகளில் முதல் கோலாக விறைப்பான வேகக் கோலையே கையில் திணிப்பார்கள். என்னைக் கேட்டால் 9 அடி நீளத்தில், நடுவரைக்கும் வளைகிற 5-ஆம் எண் கோல் போதும். கோல் வளைவது கைக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் எங்கே நிறுத்துவது என்று கை தானே கற்றுக்கொள்ளும்.

பழகுவதற்குப் புல்தரை நல்லது. முள்ளை வெட்டிவிட்டு லீடர் முனையில் ஒரு கம்பளி நூல் துண்டைக் கட்டுங்கள். லீடரே இல்லாமல் பழகினால் லைனின் முனை வெடித்துச் சீக்கிரம் கெட்டுவிடும். 30 அடியில் ஒரு தொப்பியை வைத்து, ஒரே குறிக்கு நேராக ஒன்று, இடப்பக்கம் ரீச் ஒன்று, வலப்பக்கம் ரீச் ஒன்று, நெளிவு ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மாற்றி மாற்றிப் போடுங்கள். நூல் ஒவ்வொரு முறையும் தொப்பியருகே விழ வேண்டும், லைன் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் கிடக்க வேண்டும். காற்றடிக்கும் நாளில் நாலு திசைக்கும் திரும்பி நின்று இதையே செய்யுங்கள். கால் மணி நேரம் போதும், அதற்கு மேல் தோள் சோர்ந்து தவறாகப் பழகத் தொடங்கும். ரோல் காஸ்டை மட்டும் புல்லில் பழக முடியாது, லைனைப் பிடித்துக்கொள்ளத் தண்ணீர் வேண்டும். அதற்கு ஏதாவது ஒரு குளக்கரை போதும், அதில் மீன் இருந்தே ஆக வேண்டும் என்பதுகூட இல்லை.